மாடிப்படிக்குக் கீழே ஒரு முதலமைச்சர்

வாரத்தில் ஒரு நாள் மாலை, உங்கள் வட்டாரத்து வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பலர் காத்திருப்பார்கள். ஒருவருக்கு வீட்டு வாடகை நிலுவை. இன்னொருவருக்கு மனைவியின் விசா சிக்கல். வேறொரு பாட்டிக்கு எந்த அலுவலகத்திலிருந்தோ வந்த ஆங்கிலக் கடிதம் புரியவில்லை. எல்லாரும் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்து நாலு வார்த்தை பேச வந்தவர்கள்.

நமக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால், மேடைக்கு வெளியே அரசியல்வாதியும் சாதாரண மனிதரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசும் இந்த ‘மக்கள் சந்திப்பு’ வழக்கத்தை 1955-இல் இங்கே தொடங்கி வைத்தவர் ஒரு வழக்கறிஞர் என்பது பலருக்கும் தெரியாது. அவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல்.

தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர் அறிமுகப் பட்டியலில் வழக்கறிஞர்கள் கட்டாயம் இருப்பார்கள். காப்பிக்கடைப் பேச்சில் அதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். “பேசத் தெரிந்தவர், அதனால் வந்துவிட்டார்” என்பது ஒன்று. “பணம் சேர்ந்தாயிற்று, இனி பதவி வேண்டும்” என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லீ குவான் இயூ வழக்கறிஞர். மலேசியாவின் முதல் மூன்று பிரதமர்களான துங்கு அப்துல் ரஹ்மான், துன் அப்துல் ரசாக், துன் ஹுசேன் ஓன் மூவரும் சட்டம் படித்தவர்கள். இன்றைய சிங்கப்பூரில் கா. சண்முகம், இந்திராணி ராஜா, முரளி பிள்ளை, எட்வின் டோங் ஒரு பக்கம். பிரித்தம் சிங், சில்வியா லிம் இன்னொரு பக்கம். பேச்சுத் திறமை மட்டும்தான் காரணம் என்றால், எங்களைப் போன்ற வானொலிப் படைப்பாளர்கள் அல்லவா நாடாளுமன்றத்தை நிரப்பியிருக்க வேண்டும்!

வேறு என்னதான் காரணம்? மார்ஷலின் வாழ்க்கையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

தாமதமாக வந்த வழக்கறிஞர்

மார்ஷல் 1908-இல் சிங்கப்பூரில் பிறந்தார். பாக்தாத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய யூதக் குடும்பம். இங்கிருந்த யூதர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். காலனி ஆட்சியில் உயர்பதவிகள் ஐரோப்பியருக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. பாக்தாத் யூதரை ஐரோப்பியர் தம்மில் ஒருவராக ஏற்கவில்லை. பெரும்பான்மைச் சமூகங்களிலும் அவருக்கு இடமில்லை. சிறுபான்மையினரின் பிள்ளையாக வளர்வது எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பில் கெட்டிக்காரர். உயர்கல்வி உபகாரச் சம்பளத் தேர்வுக்கு இரவு பகலாகப் படித்து, உடல் நலிந்து, காசநோயில் படுத்துவிட்டார். சிகிச்சைக்காக ஐரோப்பா போனார். திரும்பி வந்து பங்குத் தரகரிடம் எழுத்தராக இருந்தார், விற்பனை வேலை பார்த்தார், பிரெஞ்சு மொழி கற்பித்தார். கையில் சேர்த்த பணத்தோடு லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்து, மிடில் டெம்பிளில் வழக்கறிஞராகப் பதிவானது 1937-இல். அப்போது அவருக்கு 29 வயது. 25 வயதில் ‘வாழ்க்கையில் பின்தங்கிவிட்டோமோ’ என்று கவலைப்படும் தம்பி தங்கைகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

தொழில் பிடிபடுவதற்குள் போர் வந்தது. மார்ஷல் தொண்டூழியப் படையில் சேர்ந்திருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். சாங்கியில் அடைபட்டு, பிறகு ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குக் கடும் உழைப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். போர் முடிந்து திரும்பியவர், தன்னைப் போன்ற முன்னாள் போர்க்கைதிகளுக்காக அமைந்த சங்கத்தில் செயலாளராகப் பொறுப்பேற்றார். யூதர் நலச் சங்கத்துக்கு முதல் தலைவரும் ஆனார்.

அரசியல் மேடையில் கால் வைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிறருக்காக மனு எழுதுவது, அதிகாரிகளோடு வாதாடுவது, கூட்டம் நடத்துவது எல்லாம் அவருக்குப் பழகியிருந்தது.

நூற்றில் தொண்ணூற்றொன்பது

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிங்கப்பூரின் மிகப் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞராக மார்ஷல் உயர்ந்தார். அப்போது கொலை வழக்குகளில் ஜூரிகள்தாம் தீர்ப்புச் சொன்னார்கள். அடர்ந்த புருவம், கணீர்க் குரல், நாடக மேடைக்குரிய உடல்மொழி எனச் சாட்சியை அவர் குறுக்கு விசாரணை செய்வது ஒரு தனிக் காட்சி. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் தாம் வாதாடிய 100 பேரில் 99 பேரை விடுவித்ததாக அவரே பின்னாளில் நாடாளுமன்றத் தெரிவுக்குழுவிடம் கூறினார்.

இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவருக்கு நாளடைவில் ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கும். நீதிமன்றத்தில் அவர் காப்பாற்றுவது ஒரே ஒருவரை. அந்த மனிதரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய சட்டமும் வறுமையும் அப்படியே இருக்கும். நாளைக்கு அதே கூண்டில் வேறொருவர் நிற்பார். வழக்கறிஞரால் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியும். அதை மாற்றும் இடம் வேறு. அந்த இடத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுநரும், அவருக்கு இணக்கமாக இருந்த சிலரும்.

மார்ஷல் முதலில் முற்போக்குக் கட்சியில் சேர்ந்தார். ஆங்கிலம் படித்த, வசதியான, பொறுமையான மனிதர்களின் கட்சி அது. சுயாட்சி மெல்ல மெல்ல வந்தால் போதும் என்ற அவர்களது நிதானம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெளியேறினார். 1954-இல் லிம் இயூ ஹோக், பிரான்சிஸ் தாமஸ் ஆகியோருடன் சேர்ந்து தொழிலாளர் முன்னணியின் தலைவரானார்.

எம்ப்ரஸ் பிளேசில் ஒரு மரத்தடியில் மதிய உணவு நேரக் கூட்டங்கள் நடந்தன. அலுவலக ஊழியர்கள் சாப்பாட்டு நேரத்தில் நின்று கேட்டார்கள். அதற்குப் ‘பழைய ஆப்பிள் மரம்’ என்று பெயர். சிங்கப்பூரில் ஆப்பிள் விளையாது என்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நீதிமன்றத்தில் ஏழு ஜூரிகளைக் கட்டிப்போட்ட அதே குரல், மரத்தடியில் நூற்றுக்கணக்கானோரைக் கட்டிப்போட்டது.

1955 ஏப்ரல் 2-ஆம் தேதி தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய இடங்கள் 25. முற்போக்குக் கட்சிதான் ஆட்சிக்கு வரும் என்று ஆங்கிலேயர் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்சிக்குக் கிடைத்தவை 4 இடங்கள். தொழிலாளர் முன்னணிக்கு 10. கெய்ன்ஹில் தொகுதியில் மார்ஷலிடம் தோற்றவர்களில் ஒருவர் முற்போக்குக் கட்சித் தலைவர் சி.சி. டான். அவரும் வழக்கறிஞர்தான்! ஒரே தொழில், ஒரே சட்டப் புத்தகம். ஆனால் அரசியலுக்கு வந்த நோக்கம் வேறு வேறு.

நாற்காலி கேட்ட முதலமைச்சர்

ஆட்சி கிடைத்தது. அலுவலகம் கிடைக்கவில்லை. முதலமைச்சருக்கென்று தனி அறையும் பணியாளர்களும் தேவைப்படும் என்று ஆளுநர் ஜான் நிக்கல் நினைக்கவே இல்லை. அப்படியானால் அந்த ஆப்பிள் மரத்தடியிலேயே மேசை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்றார் மார்ஷல். பிறகுதான் அரசாங்கக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை ஒதுக்கினார்கள். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் உட்கார்ந்த இடம் அதுதான்.

வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர் முதலில் எதிர்பார்ப்பது தீர்ப்பை அல்ல. தன் கதையை ஒருவர் முழுதாகக் கேட்க வேண்டும் என்பதைத்தான். மக்கள் தம்மை நேரில் வந்து பார்த்துக் குறை சொல்லலாம் என்று மார்ஷல் அறிவித்ததும் கூட்டம் வரத் தொடங்கியது. அதுவரை அரசாங்கம் என்றால் மூடிய கதவு, சீருடைக் காவலாளி, புரியாத மொழி. முதல் தடவையாக அரசாங்கத்துக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுக் குடிமகனை உட்காரச் சொன்னார்கள். பின்னர் வந்த தலைவர்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. 70 ஆண்டுகள் கடந்தும் அந்த நாற்காலி நம் புளோக்கின் கீழ் இருக்கிறது.

தமிழ்க் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றும் அந்த ஆட்சியில் நடந்தது. சீனப் பள்ளி மாணவர்களின் கொந்தளிப்பைத் தொடர்ந்து கல்வியை ஆராய அனைத்துக் கட்சிக் குழு ஒன்றை மார்ஷல் அரசாங்கம் 1955-இல் அமைத்தது. 1956 பிப்ரவரியில் வந்த அறிக்கை மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிக் கல்வியையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. சிக்கல் எழுந்தது சீனக் கல்வியைச் சுற்றி. எண்ணிக்கையில் குறைந்த தமிழை ஓரமாக விட்டிருந்தாலும் அன்றைக்குப் பெரிய போராட்டம் எதுவும் வெடித்திருக்காது. ஆனால் விடவில்லை. தமிழுக்கு இங்கே இன்று இருக்கும் அதிகாரத்துவ மொழி என்ற தகுதிக்குப் போடப்பட்ட அடித்தளக் கற்களில் அந்த அறிக்கையும் ஒன்று.

வாதாடத் தெரியும், பேரம் பேசத் தெரியாது

இதுவரை சொன்னவை வழக்கறிஞர் என்ற பின்னணி மார்ஷலுக்குக் கொடுத்த பலம். அதே பின்னணி அவருக்குச் சுமையாகவும் ஆனது.

1955 ஜூலையில் நான்கு துணை அமைச்சர்களை நியமிக்க வேண்டும் என்று கேட்டார். புதிய ஆளுநர் ராபர்ட் பிளாக் முழுமையாக இணங்கவில்லை. முதலமைச்சரைக் கலந்தாலோசிப்பது என்றால், அவர் சொல்வதை ஏற்க வேண்டுமா அல்லது கேட்டுக்கொண்டால் போதுமா? நிர்வாகிகள் இருவர் தேநீர் குடித்தபடியே பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம். மார்ஷல் அதை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டார். பதவி விலகுவேன் என்றார். அங்கிருந்து சண்டை பெரிதாகி, உடனடிச் சுயாட்சி வேண்டும் என்ற கோரிக்கையாக மாறியது.

அதற்கு முன்பே, மே மாதத்தில் ஹோக் லீ பேருந்து ஊழியர் போராட்டம் கலவரமாகி நான்கு பேர் இறந்தனர். ராணுவத்தை இறக்க மார்ஷல் தயங்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்றே பழகியவருக்குத் துப்பாக்கியின் பக்கம் நிற்பது எளிதாக இருக்கவில்லை. அதை மனிதநேயம் என்றவர்களும் உண்டு, கோழைத்தனம் என்றவர்களும் உண்டு.

1956 மார்ச்சில் சுதந்திரம் கேட்டு 1,67,000 பேரிடம் கையெழுத்து திரட்டப்பட்டது. ஏப்ரலில் அனைத்துக் கட்சிப் பேராளர் குழுவோடு லண்டன் போனார். சுயாட்சி கிடைக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரும்பாலானவற்றில் ஆங்கிலேயர் இறங்கி வந்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்பில் கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடியாக நின்றார்கள். மார்ஷலும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சு முறிந்தது. ஊர் திரும்பிய அவர், ஜூன் 7-ஆம் தேதி சொன்னபடியே பதவி விலகினார். அவர் முதலமைச்சராக இருந்தது 14 மாதங்கள்.

அடுத்த ஆண்டே, அவருக்குப் பின் வந்த லிம் இயூ ஹோக் லண்டனில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டார். பாதுகாப்பு மன்றத்தில் ஆங்கிலேயருக்கு மூன்று பேர், சிங்கப்பூருக்கு மூன்று பேர், தீர்மானிக்கும் ஏழாவது வாக்கு மலாயாவுக்கு என்ற ஏற்பாடு. மார்ஷல் போராடி வாங்க முடியாததைப் பேரம் பேசி வாங்கினார்கள். நீதிமன்றத்தில் விடுதலை அல்லது தண்டனை. அரைகுறை விடுதலை என்று எதுவும் கிடையாது. அரசியலில் பெரும்பாலும் கிடைப்பதே அரைகுறைதான். அதை வாங்கிக்கொண்டு மீதிக்கு நாளை வரலாம் என்று சொல்லும் பொறுமை மார்ஷலிடம் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு வழக்கறிஞர் வேறு விதமாக நடந்தார். 1952 அஞ்சல்காரர் வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்தவர் லீ குவான் இயூ. அதன்பின் சங்கம் சங்கமாக அவர் பெயர் பரவியது. 1954-இல் ‘ஃபஜார்’ மாணவர் இதழ் வழக்கில் தற்காப்புத் தரப்பில் இருந்தார். தன் கட்சிக்காரர்களையே ஓர் அரசியல் கட்சியின் வேர்களாக மாற்றிக்கொண்டார். 1955 தேர்தலில் மக்கள் செயல் கட்சி நிறுத்தியது நான்கு பேரைத்தான். அவசரப்படவில்லை. நான்கே ஆண்டுகளில் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. மார்ஷலிடம் குரல் இருந்தது, மனசு இருந்தது; ஆனால் அமைப்பு இல்லை.

பிறகு அவர் 1957-இல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார். 1961-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். 1963-இல் அதே தொகுதியில் தோற்றார். இருபது ஆண்டுகள் கழித்து, 1981-இல், அதே பாட்டாளிக் கட்சிக்காக அதே ஆன்சனில் வென்றவர் ஜே.பி. ஜெயரத்னம். யாழ்ப்பாணத் தமிழர், முன்னாள் மாவட்ட நீதிபதி, வழக்கறிஞர்.

1969-இல் ஜூரி முறையை ஒழிக்கும் மசோதா வந்தபோது மார்ஷல் தெரிவுக்குழு முன் எதிர்த்து வாதாடினார். 99 பேரை விடுவித்த கதை அங்கேதான் வந்தது. அந்த 99 பேரும் நிரபராதிகள் என்று நம்புகிறீர்களா என்று லீ கேட்டதாகவும், என் கடமை அவர்களுக்காக வாதாடுவது, தீர்ப்புச் சொல்வதல்ல என்று மார்ஷல் பதிலளித்ததாகவும் லீயின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. ஜூரி முறை போய்விட்டது. ஆனாலும் 1978-இல் அதே லீயின் அரசாங்கம் அவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்பியது. அரசியலில் எதிரெதிராக நின்றவர், 1993 வரை நாட்டுக்காக அங்கே வாதாடினார். 1995-இல் காலமானார்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

மார்ஷலை வெற்றி பெற்றவர் என்பதா, தோற்றவர் என்பதா? பதவியை அளவுகோலாக வைத்தால் தோற்றவர்தான். நான் அப்படிப் பார்க்கவில்லை. ‘இது நடக்காவிட்டால் போய்விடுவேன்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே போன தலைவர்கள் எத்தனை பேர்? அதே சமயம், கொஞ்சம் இருந்து பேரம் பேசியிருந்தால் அவரை நம்பி வந்த மக்களுக்கு இன்னும் பயன்பட்டிருப்பாரே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. மனசாட்சிக்கு உண்மையாக இருப்பதும் மக்களுக்குப் பயன்படுவதும் எப்போதும் ஒரே பாதையில் போவதில்லை. அரசியலுக்கு வரும் எந்த நல்ல மனிதரும் ஒருநாள் அந்த முச்சந்தியில் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதிக்கு ஒரு வழக்கறிஞர் வேட்பாளராக வந்தால் அவருடைய பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். வேட்பாளர் ஆவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில், கட்டணம் தர முடியாத யாருக்காக வாதாடினார்? எந்தச் சட்டம் அல்லது எந்த நடைமுறை அவரை உறுத்துகிறது என்று அவரால் பெயர் சொல்லிக் கூற முடிகிறதா? பாதிதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால் என்ன செய்வார்? மூன்றாவது கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஆனால் அதை அவர் யோசித்திருக்கிறாரா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சட்டம் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. சமூக மன்றங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொண்டூழியர்கள் எப்போதும் தேவை. தமிழில் மட்டுமே தன் கதையைச் சொல்லத் தெரிந்த ஒரு பாட்டிக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அரசியலுக்கு வருவீர்களோ இல்லையோ, நல்ல வழக்கறிஞராக வருவீர்கள்.